கால் முளைத்த மீன்

மலைநாட்டு வீதிகளில் ஓடும் வண்டிகளைப் போலப் பக்தி மிகுந்த வண்டிகளைக் காண்பது அரிது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, றொசல்ல வழியாக ஹற்றனுக்கு ஏறிவரும் பாதையோரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர் இதனை அறிவர். முச்சக்கர வண்டியின் முகப்பில் வேலும் மயிலும் விளங்கும். அதன் பின்னே வரும் லொறியில் அந்தோனியார் குழந்தை இயேசுவைத் தாங்கி நிற்பார். பஸ் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே புத்தர் பெருமான் வீற்றிருப்பார்; அவர் முன்னே சின்னஞ்சிறு மின்விளக்கு ஒன்று எரியும். மரக்கறி ஏற்றிவரும் வண்டியிலே பிறையும் விண்மீனும் காணப்படும். டிசம்பர்ப் பூரணையில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிட்டாலோ, வெசாக் முடியும் வரை இந்தப் பாதை முழுவதும் ஒரு நீண்ட ஊர்வலமே எனலாம்.

இவற்றுக்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. ஒரு புறம் மலை, மறு புறம் பள்ளம், முன்னே மூடுபனி. வளைவுக்கு அப்பால் எது வருகிறது என்பதை ஓட்டுநர் அறியார். வீட்டிலே மனைவி மக்கள் காத்திருக்கின்றனர். அந்நிலையில் ஒருவர் தம் குலதெய்வத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்வது இயல்பேயன்றோ? ஆகவே, நம்மவர் வண்டிச் சின்னங்களிற் பெரும்பாலானவை இறைவனை நோக்கிச் செய்யும் விண்ணப்பங்கள். பின்னால் வரும் வண்டிக்காரருக்கு அவை ஒன்றும் சொல்லுவதில்லை.

பின்னால் வருபவரை நோக்கியே பேசும் சின்னங்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் சிந்திக்க எண்ணினேன்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் மீன் வடிவத்தைத் தங்கள் சமயக் குறியாகக் கொண்டிருந்தனர். கிரேக்க மொழியில் மீனுக்கு 'இக்துஸ்' என்று பெயர். அச்சொல்லின் ஐந்து எழுத்துக்களும், 'இயேசு கிறிஸ்து, இறைவனின் மைந்தன், மீட்பர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்களாக அமைந்திருந்தன. இரண்டு வளைகோடுகளால் ஆன அந்த எளிய மீன், 1970களில் அமெரிக்காவில் புத்துயிர் பெற்று, மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் இடம்பிடித்தது. அடுத்த பத்தாண்டில், கலிபோர்னியாவில் சிலர் அதே மீனுக்கு இரண்டு சிறு கால்களை வரைந்து, அதன் வயிற்றில் டார்வினின் பெயரைப் பொறித்தனர். மீனினத்திலிருந்தே காலுடைய உயிர்கள் தோன்றின என்னும் கூர்ப்புக் கொள்கையைச் சுட்டுவதே அதன் கருத்து. இலங்கைப் பாடநூல்கள் கூர்ப்பு என்று கூறுவதையே தமிழகத்தார் பரிணாமம் என்பர். அந்தச் சின்னத்தையும் பல்லாயிரவர் வாங்கித் தங்கள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டனர்.

விசுவாசிகள் என்ன செய்தனர்? சிலர் சிரித்துவிட்டுச் சென்றனர். சிலர் தங்கள் புனிதக் குறியைப் பரிகசித்துவிட்டனரே என்று மனம் வருந்தினர். வேறு சிலரோ, 'உண்மை' என்று பெயர் பொறித்த பெரியதொரு மீன், கால் முளைத்த மீனை வாய்க்குள் விழுங்குவது போன்ற சின்னத்தைச் செய்து விற்றனர். அதைக் கண்ட மறுதரப்பினர் அந்தப் பெரிய மீனையும் விழுங்கும் வேறு விலங்குகளைச் செய்தனர். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் முறைகேட்டை நம் முன்னோர் மச்ச நியாயம் என்றனர். அரசனும் அறமும் இல்லாத நாட்டின் இலக்கணமாக அவர்கள் கூறிய அதே காட்சி, கல்வியிற் சிறந்த ஒரு நாட்டின் வண்டிகளிலே விளையாட்டாக அரங்கேறியது. இத்தனை மீன்களுக்கிடையில், டார்வின் கூறியது யாது, வேதாகமம் கூறுவது யாது என்பதை ஒருவரேனும் ஒருவருக்கு விளக்கினாரா என்பது ஐயமே.

இத்தகைய மீனொன்று றொசல்லைக்கு வந்து நின்றால் என்ன நிகழும்? பாண்டியன் கொடி என்பார் ஒருவர். திருமாலின் மச்சாவதாரம் என்று கைகூப்புவார் மற்றொருவர். நல்ல மீன் கிடைக்கும் கடை எங்கே என்று கேட்பாரும் இருக்கலாம். சினங்கொள்வார் ஒருவரும் இரார். அதனால் நாம் பொறுமையிற் சிறந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் மனம் புண்படும் இடம் வேறு, அவ்வளவே.

தமிழகத்தை எண்ணிப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு டிசம்பரில், திருவரங்கம் கோயிலின் இராசகோபுரத்தை நோக்கிய இடத்தில் நிறுவப்பட்டிருந்த பெரியார் ஈ. வெ. ராமசாமியின் சிலை, திறப்புவிழாவுக்கு முன்னரே உடைக்கப்பட்டது. கடவுள் இல்லை என்றவரின் சிலை கோயிலுக்கு எதிரே நிற்பதா என்பது உடைத்தவர்களின் சினம். அதன் எதிரொலியாக வேறு ஊர்களில் தெய்வத் திருவுருவங்கள் சேதப்படுத்தப்பட்டன. ஒரு கல் இன்னொரு கல்லை அழைத்தது. பெரியார் சிலைகளின் பீடத்திலுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. நம்புகிறவருக்குத் தம் நம்பிக்கையைச் சொல்ல உரிமை இருப்பது போலவே, நம்பாதவருக்கும் தம் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டு அனுபவமும் மறக்கற்பாலதன்று. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாளேந்திய சிங்கமும் 'சிங்ஹலே' என்னும் சொல்லும் பொறித்த ஸ்டிக்கர்கள் முச்சக்கர வண்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் தோன்றின. 2016 ஜனவரியில் நுகேகொடையில் முஸ்லிம்கள் சிலரின் வீட்டு வாயில்களிலே அதே சொல் வர்ணத்தால் எழுதப்பட்டிருந்தது. சமயக் கொள்கைக்கும் அதற்கும் தொடர்பு சிறிதே. ஆயினும், பின்னால் வருபவரை நோக்கிப் பேசத் தொடங்கிய சின்னம், வண்டியோடு நின்றுவிடாமல் அயலவர் வாசலுக்கும் வந்துவிடக்கூடும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

சினம் ஒரு வகை மறுமொழி. மறைத்துவிடுதல் இன்னொரு வகை. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய மத்திய அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை எவரும் கண்டதில்லை, ஆதலால் டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று கூறினார். இந்திய அறிவியற் கழகங்கள் மூன்றும் உடனே மறுத்தன. 2023இல் இந்தியாவின் பத்தாம் வகுப்பு அறிவியற் பாடநூலிலிருந்து கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டமை தெரியவந்ததும், ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பாடச்சுமையைக் குறைக்கவே நீக்கினோம் என்பது அதிகாரிகளின் விளக்கம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பகுதி இருக்கவே செய்கிறது. ஆனால், பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவர் அதனை எங்கே கற்பர்?

மூன்றாவது மறுமொழி, நம்மவர்க்கு மிகவும் பிடித்தமானது. 'இதெல்லாம் நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர்' என்பதே அது. மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், குறளன் என்னும் அவதார வரிசையைக் கூர்ப்பின் படிகளாகக் காட்டுவர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வொப்புமை காணப்படுகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்ததையும், மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் ஓருயிர் பல்வேறு பிறவிகளில் உழன்றதைப் பாடியதையும் எடுத்துக்காட்டுவர். மேடையிலே இவை கைதட்டலைப் பெறும். சற்று நின்று நோக்கின், மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்பது புலனாகும். அவதாரம், இறைவன் அருளால் இறங்கி வருவது. மரபியல், உள்ள உயிர்களை வகைப்படுத்துவது. சிவபுராணம், ஓருயிர் உடல் விட்டு உடல் மாறி வீடுபேற்றை நாடுவது. தலைமுறை தலைமுறையாக உடல்களே மெல்ல மெல்ல மாறிவருகின்றன என்பது டார்வின் கூற்று. இவற்றை ஒன்றாக்குபவர் டார்வினையும் கற்றாரல்லர், மாணிக்கவாசகரையும் கற்றாரல்லர். 'உண்மை' என்னும் மீன் டார்வின் மீனை விழுங்கியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விழுங்கும்போது புன்னகை செய்கிறோம், அதுவே வேறுபாடு.

அவ்வாறாயின் நமக்கென்று வேறு வழி இல்லையா? உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இரு பகுதிகளை உடையது. தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் இரண்டாவதாகவே வருகிறது. முதற்பகுதிக்குப் பரபக்கம் என்று பெயர். அதிலே சைவ சித்தாந்தத்துக்கு மாறுபட்ட பதினான்கு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் அவர்கள் கூறுவதைக் கூறி, பின்னரே அதற்கு மறுப்புரைக்கிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பது உலகாயதம். கடவுளும் இல்லை, உயிரும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்னும் கொள்கை. அதைக் கண்டு ஆசிரியர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை; ஏட்டைக் கிழிக்கவில்லை; அதுவும் எம்முடையதே என்று அணைத்துக்கொள்ளவும் இல்லை. உலகாயதன் கூற்றைத் தம் நூலிலேயே, தம் செய்யுளிலேயே, முதலிடத்தில் வைத்தார். மறுக்கப் புகுமுன் மாற்றானின் கூற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது நம் சமய மரபே நமக்குக் கற்பித்த ஒழுக்கம்.

அவ்வொழுக்கத்தின்படி டார்வினுக்கும் ஒரு பரபக்கம் கூறிப் பார்ப்போம். அதற்குத் தூரதேசம் போக வேண்டுவதில்லை. நம் தேயிலை மலையே போதுமானது.

விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை மலையில் கொழுந்து பறித்தவர்கள் அறிவார்கள்: ஒரு செடியைப் போல மற்றொன்று இராது. ஒன்றின் இலை அகலம், ஒன்றின் இலை ஒடுக்கம்; ஒன்று விரைந்து துளிர்க்கும், ஒன்று சோம்பி நிற்கும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அத்தகைய செடிகளுள் சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்து, தண்டுகளை வெட்டிப் பதியன் வைத்துப் பெருக்கினர். அவற்றையே இன்று பல தோட்டங்களிலும் காண்கிறோம். இவ்வாறு மனிதன் செய்யும் தெரிவிலிருந்தே டார்வினும் தம் நூலைத் தொடங்கினார். 1859இல் வெளிவந்த அந்நூலின் முதல் அத்தியாயம், வளர்ப்புப் புறாக்களில் மனிதர் எத்துணை வேறுபாடுகளை உண்டாக்கினர் என்பதை விரிவாகக் கூறுகிறது. மனிதன் தெரிந்தெடுப்பது போல, குளிரும் வறட்சியும் நோயும் பகையும் தெரிந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதே அவர் எழுப்பிய வினா. பொருந்தியவை எஞ்சும், எஞ்சியவற்றின் இயல்பு வழித்தோன்றல்களுக்குச் செல்லும், நெடுங்காலம் சென்றபின் புதிய இனமே உருவாகும். இதுவே இயற்கைத் தேர்வு.

இம்மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்தது. ஒரே வகைச் செடியே மலை மலையாக நடப்பட்டிருந்தது. 1869ஆம் ஆண்டளவில் இலைத்துரு நோய் தோன்றியது. அதனை ஆராய இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பியவர், பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக விளங்கிய துவைற்ஸ் என்பவர். டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த தாவரவியலாளர். நோயை எதிர்த்து நிற்கும் வேறுபாடு செடிகளிடையே இன்மையால், இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது; தேயிலை பரந்தது; நம் மூதாதையர் பலர் வாழ்வும் அதனோடு பிணைந்தது. வேறுபாடே உயிரினத்துக்குக் காப்பு என்னும் பாடத்தை மலையகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

மழைக்காலத்து இரவுகளில் தேயிலைப் பற்றைகளுக்கு அப்பாலுள்ள காட்டோரத்தில் ஒலிக்கும் சிறு தவளைகளையும் எண்ணுங்கள். இலங்கையில் எழுபதுக்கு மேற்பட்ட இனங்களாக விரிந்துள்ள இப்பற்றைத் தவளைகளின் முட்டையிலிருந்து வாற்பேத்தை வெளிவருவதில்லை. நேரே குட்டித் தவளையே வெளிவரும். நீர்நிலையை நாடாமல் ஈரநிலத்திலேயே வாழப் பழகிய ஒரு குலத்தின் கிளைகள் அவை என்று ஆய்வாளர் கூறுவர்.

கால் முளைத்த மீன்? அதுவும் வெறும் சித்திரமன்று. 2004ஆம் ஆண்டில் கனடாவின் வடமுனைப் பகுதியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் ஒரு புதைபடிவம் கிடைத்தது. ஏறத்தாழ முப்பத்தேழரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. செதிலும் செவுளும் உடைய மீன். ஆயினும் அதன் துடுப்பினுள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றை ஒத்த எலும்புகள் இருந்தன. 'டிக்டாலிக்' என்று அதற்குப் பெயரிட்டனர். இனி, குரங்கு மனிதனாவதை எவரும் காணவில்லை என்போருக்கு ஒன்று கூறலாம்: இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று டார்வினும் கூறவில்லை. குரங்குக்கும் மனிதனுக்கும் நெடுங்காலத்துக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதே கொள்கை. ஒரு பாட்டனுக்குப் பிறந்த இரு கிளையினருள், ஒருவர் மற்றவரின் தந்தையாக மாட்டார் அன்றோ?

இதுவே பரபக்கம். இனிச் சுபக்கம் கூறுவோர் கூறட்டும். சைவ சித்தாந்தி கூறத்தக்கது ஒன்றுண்டு. உயிர் வேறு, உடல் வேறு; உடல் மாயையிலிருந்து தோன்றி மாறும் இயல்பினது; உயிரோ என்றும் உள்ளது என்பது அவர் கொள்கை. உடல் எவ்வழியே இவ்வுருவைப் பெற்றது என்பதை உயிரியல் ஆராயுமாயின், அதனால் உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு அற்றுப்போவதில்லை. இது அறிவியல் நிறுவிய முடிவு என்று நான் கூறவில்லை, நிறுவவும் இயலாது. அறிவியல் ஆராயாத இடத்தில் சமயம் தன் குரலில் பேசுகிறது என்றே கூறுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையும் இதனை ஒத்த ஒரு நிலையையே எடுத்தது. 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமளித்து, ஆன்மா இறைவனின் நேரான படைப்பு என்று வலியுறுத்தினார். 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் ஊகத்தினும் மேலானது என்று ஏற்றார். டார்வினோ, பாதிரியாராகும் எண்ணத்துடன் கேம்பிரிட்ஜில் பயின்றவர். தாம் நாத்திகரல்லர் என்றும், கடவுளைப் பற்றி அறியவியலாது என்போர் வகையைச் சேர்ந்தவர் என்றும் 1879இல் எழுதினார். 1882இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய மீனை விட அவர் அமைதியானவர்.

சின்னம் ஒட்டுவோருக்கும் ஒரு சொல். பிறர் கைகூப்பும் குறியை எடுத்து அதற்குக் கால் வரைவது சிரிப்பை உண்டாக்கும், அறிவை உண்டாக்காது. பரிகசிக்கப்பட்டவர் நூலைத் திறப்பதில்லை, கதவை மூடிக்கொள்கிறார். அவர் கதவை மூடும்போது உள்ளே அவருடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அப்பிள்ளைகளை எண்ணியே இதனை எழுதலானேன். உயிரியல் கற்கும் மாணவர் சிலர் ஆண்டுதோறும் ஒரே வினாவைக் கேட்கின்றனர்: 'சேர், இது உண்மையென்றால் சுவாமி கும்பிடுவது பொய்யா?' கேட்பவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேளாதவரைப் பற்றியே கவலை. அவர் உள்ளத்தில் இரண்டு கொப்பிகள் உண்டு. ஒன்று பரீட்சைக்கு, மற்றது வீட்டுக்கு. ஒன்றில் எழுதியதை மற்றதற்குக் காட்டமாட்டார். பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெறுவார். ஆனால், தாம் கற்றதையும் முழுதாக நம்பார், வணங்குவதையும் முழுதாக நம்பார். லயத்து அறையில் மங்கிய விளக்கொளியில், எத்தனையோ இடர்களைத் தாண்டிப் படித்து முன்னேறும் நம் பிள்ளைகளுக்கு இப்பிளவு வேண்டாத பாரம்.

ஆதலின் பெற்றோரே, பிள்ளை பாடநூலைக் கொணர்ந்து இவ்வினாவை உங்களிடம் கேட்டால், சினவாதீர்கள். நமக்கு முன்னமே தெரிந்ததுதான் என்று தட்டியும் கழிக்காதீர்கள். 'புத்தகம் என்ன சொல்கிறது? முதலில் அதை எனக்குச் சொல்' என்று அருகில் அமர்த்திக் கேளுங்கள். அவர் முழுவதும் சொல்லி முடிக்கட்டும். அதன் பின்னர் நீங்கள் நம்புவதை நீங்கள் சொல்லுங்கள். மாணவர்களே, நீங்களும் பெற்றோர் நம்பிக்கையை அவ்வாறே கேளுங்கள். வண்டியின் முகப்பில் முருகன் இருக்கட்டும். பிள்ளையின் புத்தகத்தில் டார்வின் இருக்கட்டும். இருவரையும் பற்றி ஒரே வீட்டில் அச்சமின்றிப் பேச முடியுமாயின் அதுவே போதும்.